வேலை தேடுகிறீர்களா? மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும், திருக்கோவில், நாவிதன்வெளிப் பக்கத்திலும் வேலை இல்லை என்று சொல்பவர்களில் பலருக்குத் தொழில் நன்றாகவே தெரியும். மேசன் வேலை, தையல், வெல்டிங், மோட்டார் சைக்கிள் திருத்துவது, பத்துப் பேருக்குச் சமைப்பது என்று வருடக்கணக்காகச் செய்திருப்பார்கள். ஆனால் அதைச் சொல்ல கையில் ஒரு கடதாசி இருக்காது. வேலை கிடைத்த பிறகும் நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதி இல்லை. இந்த இரண்டு குறையையும் தீர்ப்பதற்கான வழிகளைத்தான் கீழே அதிகமாக எழுதியிருக்கிறோம். ஓ.எல். என்ற சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடையாதவர்கள், மாற்றுத்திறனாளிகள், குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள், நீண்டகாலம் வேலையை விட்டிருந்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்தே எழுதியது.

ஓ.எல். சித்தியில்லை. முதலில் எங்கே போவது?

உங்கள் பிரதேச செயலகத்துக்கு. அங்கே மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். வேலை தேடுபவராகப் பதிவது, தொழில் வழிகாட்டல், பக்கத்தில் தொடங்கப்போகும் பயிற்சிகள் எல்லாம் அவரிடம் உண்டு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், ஓ.எல். எழுதியிருந்தால் பெறுபேறு ஆகியவற்றின் மூலப் பிரதிகளையும் போட்டோக் கொப்பியையும் கொண்டுபோங்கள். சித்தியடையாத பெறுபேற்றுச் சீட்டையும் மறைக்க வேண்டாம். "பரீட்சைக்குத் தோற்றியவர்" என்பதே சில பாடநெறிகளுக்குப் போதும். அதைவிடக் குறைந்த படிப்போடு சேரக்கூடியவையும் இருக்கின்றன.

இந்தப் பதிவை அரச வேலைக்கான வரிசை என்று பலர் நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அது தனியார் துறை வெற்றிடங்களுக்கும் பயிற்சிகளுக்கும் உங்களை இணைக்கும் பதிவு. இன்னொன்று, கொடுத்த தொலைபேசி இலக்கத்தை மாற்றினால் உடனே போய் அறிவியுங்கள். அழைப்பு வந்தபோது பழைய சிம் வேலை செய்யாததால் கைநழுவிப்போன வேலைகள் ஏராளம்.

ஓ.எல். பெறுபேறு இப்போதுதான் வந்திருந்தால் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தையும் யோசியுங்கள். சித்தி, சித்தியின்மை பாராமல் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொழில் பாடப் பிரிவில் தொடர்ந்து படிக்கலாம்.

எனக்குத் தொழில் தெரியும், பயிற்சி நிலையத்துக்குப் போனதே இல்லை. சான்றிதழ் எடுக்க முடியுமா?

முடியும். இந்த இரண்டு மாவட்டங்களிலும் அதிகம் பேர் தவறவிடும் வாய்ப்பு இதுதான். முன்கற்றல் அங்கீகாரம் என்று சொல்வார்கள். பாடநெறி படிக்காமல், செய்து பழகிய வேலையை மதிப்பீட்டாளர் முன்னால் செய்துகாட்டி, தேசிய தொழிற்தகைமையை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழைப் பெறும் வழி. என்.வி.கியூ.வில் ஏழு மட்டங்கள் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். ஒருவருடைய மேற்பார்வையில் வேலை செய்யக்கூடியவருக்கு 3, தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்யக்கூடியவருக்கு 4 என்று ஏறத்தாழ எடுத்துக்கொள்ளலாம். அனுபவமுள்ள மேசனோ மின்இணைப்பாளரோ 4ஐக் குறிவைப்பதே சரி.

தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின், அதாவது நைட்டாவின், மாவட்ட அலுவலகத்தில் அல்லது தொழிற்பயிற்சி அதிகார சபையின் அலுவலகத்தில் விண்ணப்பம் எடுங்கள். அதோடு உங்கள் தொழிலுக்கான தேசிய தேர்ச்சி நியமத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தொழில் எத்தனை அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றிலும் எதைச் செய்துகாட்ட வேண்டும் என்பது அதில் இருக்கும். அதைப் பார்க்காமல் போவது பாடத்திட்டம் தெரியாமல் பரீட்சைக்குப் போவது மாதிரி.

பிறகு ஆதாரம் சேருங்கள். வேலை செய்வித்த வீட்டுக்காரர், கொந்தராத்துக்காரர், கடைக்காரர் ஆகியோரிடம் கடிதம் வாங்கலாம். "நல்ல பிள்ளை, நேர்மையானவர்" என்று எழுதிய கடிதத்தால் பயனில்லை. எந்த வருடம், எந்த இடம், என்ன வேலை, எவ்வளவு காலம் என்று இருக்க வேண்டும். வேலை நடக்கும்போது நீங்கள் தெரியும்படி எடுத்த படங்கள், பொருள் வாங்கிய பற்றுச்சீட்டு, பழைய கணக்குக் கொப்பி எல்லாமே உதவும். இன்று வேலையில் இருப்பவர்கள் இப்போதிருந்தே படம் எடுத்து, பின்பக்கம் திகதியும் இடமும் எழுதி வையுங்கள்.

மதிப்பீடு நாளில் ஆட்கள் தடுமாறுவது பெரும்பாலும் கைவேலையில் அல்ல. சுவர் நேராக எழும்பியிருக்கும். ஆனால் கல் கட்டுவதற்கு சீமெந்தும் மணலும் என்ன விகிதம் என்று கேட்டால் "கண்ணளவு" என்பார்கள். ஒன்றுக்கு ஐந்து என்று சொல்லவும், ஏன் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்று விளக்கவும் தெரிய வேண்டும். வரைபடத்தைப் பார்த்து அளவை எடுக்கத் தெரியாததும், சப்பாத்து, கையுறை, கண்ணாடி இல்லாமல் வந்து நிற்பதும் அடுத்த காரணங்கள். மின்இணைப்பு வேலைக்காரர்கள் புவித்தொடுப்பைச் சோதிக்கும் முறையைக் கட்டாயம் பார்த்துவிட்டுப் போங்கள்.

சில அலகுகளில் "இன்னும் தேர்ச்சி பெறவில்லை" என்று வந்தால் முழுவதும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. தேறிய அலகுகள் பதிவில் இருக்கும். விடுபட்டவற்றுக்கு மட்டும் பயிற்சி எடுத்து மறுபடி மதிப்பீட்டுக்கு வரலாம். தமிழிலேயே செய்யலாம். மதிப்பீட்டாளரும் தமிழ் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று விண்ணப்பம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அம்பாறை மாவட்டத்தில் இதை ஞாபகமாகச் செய்யுங்கள்.

தனியார் நிறுவனம் ஒன்று "அரச அங்கீகாரம் பெற்ற பாடநெறி" என்று விளம்பரம் போட்டிருக்கிறது. நம்பிக் காசு கட்டலாமா?

மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் ஒரு நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு. அந்தக் குறிப்பிட்ட பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது வேறு. நிறுவனம் பதிவாகியிருந்தும் பாடநெறிக்குத் தரச்சான்று இல்லாவிட்டால் கடைசியில் கிடைப்பது அந்த நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ், என்.வி.கியூ. அல்ல. ஆகவே "இந்தப் பாடநெறி முடிவில் எத்தனையாம் மட்ட என்.வி.கியூ. கிடைக்கும்? எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பாடநெறியின் பெயரைத் தேடியும் பார்க்கலாம். காசு கட்டுவதற்கு முன் அதே தொழிலை நைட்டா, தொழிற்பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்லூரி, இளைஞர் சேவைகள் மன்றம் ஆகியவற்றில் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ படிக்க முடியுமா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் முடியும்.

பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

பிறப்பு எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் பதியப்பட்டதோ அங்கேயுள்ள பதிவாளர் கிளையில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் பிறந்த திகதி, இடம், தாய் தகப்பன் பெயரை வைத்துத் தேடச் சொல்லலாம். பிறப்பே பதியப்படவில்லை என்றால் காலங்கடந்த பதிவு செய்யலாம். அதற்கும் ஆதாரம் போதாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறலாம். கிராம உத்தியோகத்தரின் கடிதம், பாடசாலைப் பதிவு, கோயில் அல்லது தேவாலயப் பதிவு, மூத்த சகோதரரின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இங்கே கைகொடுக்கும். நடமாடும் சேவை உங்கள் பக்கம் வரும் நாளைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு வையுங்கள். பல அலுவலகங்களுக்கு அலைவது மிச்சம்.

பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் இன்னொரு மாதிரி இருந்தால் வேலை கிடைக்கும் வரை பொறுக்காமல் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். முதல் எழுத்து மாறியிருந்தால்கூட பிறகு ஈ.பி.எப். எடுக்கப் போகும்போது சிக்கும்.

சுயவிபரக் கோவையில் எழுத எனக்கு ஒன்றுமே இல்லையே?

"கூலி வேலை, 6 வருடம்" என்று ஒரே வரியில் எழுதியிருப்பீர்கள். அதைப் பிரித்துப் பாருங்கள்: இரண்டடி டைல்ஸ் பதித்தல், உள்பூச்சு, கொங்கிரீட்டுக்குப் பலகை அடித்தல், மூன்று பேரை வைத்து வேலை வாங்குதல், பொருள் கணக்கு எழுதுதல். ஐந்து திறமைகள் வந்துவிட்டன. மாதர் சங்கத்தில் பொருளாளராக இருந்தால் அது காசு கையாண்ட அனுபவம். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஊரில் உங்களைத் தெரிந்த, தொலைபேசி எடுத்தால் பேசக்கூடிய இரண்டு பேரின் பெயரை அவர்களிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

இடையில் வருடங்கள் விடுபட்டிருந்தால் பொய்த் திகதி போட்டு நிரப்ப வேண்டாம். பிள்ளை வளர்த்தீர்கள், நோயாளியைப் பார்த்தீர்கள், வெளிநாட்டில் வீட்டு வேலை செய்தீர்கள் என்றால் அப்படியே ஒரு வரி எழுதுங்கள். புனர்வாழ்வு பெற்றவர்கள் புனர்வாழ்வு நிலையத்தில் எடுத்த தொழிற்பயிற்சியைப் பயிற்சி என்ற தலைப்பின்கீழ் சேர்க்கலாம். நேர்முகத்தில் அந்தக் காலத்தைக் கேட்டால் சுருக்கமாக, உண்மையாக, ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுச் செய்யப்போகும் வேலைக்குப் பேச்சைத் திருப்புங்கள். நீண்ட விளக்கம் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

எங்கள் ஊர் படுவான்கரை. வேலை எல்லாம் கரைக்கு அந்தப் பக்கம்தானே?

தூரம் உண்மையான தடை, சோம்பல் என்று யாரும் சொல்லக் கூடாது. மண்டூர், குருமண்வெளிப் படகுப் பாதையை நம்பியிருப்பவருக்கும் வெல்லாவெளி உட்பக்கத்தில் இருப்பவருக்கும் காலை ஏழு மணி வேலை என்பது விடியற்காலை நான்கு மணிச் சமையல். வேலையை ஒப்புக்கொள்ள முன் மூன்றைக் கேளுங்கள்: நிறுவன பஸ் எந்தச் சந்தி வரை வரும், மேலதிக நேரம் செய்யும் நாளில் திரும்பிவர வாகனம் உண்டா, மாரியில் பாதை மூடினால் வராத நாள் எப்படிக் கணக்கிடப்படும். ஒரே ஊரில் பத்துப் பேர் சேர்ந்து கேட்டு, ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸை இன்னும் ஒரு சந்தி உள்ளே வரவைக்கலாம். தனியாகக் கேட்டால் நடக்காது.

நான் சக்கர நாற்காலி பாவிப்பவர். வேலை தருவார்களா? சட்டம் என்ன சொல்கிறது?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமை காரணமாக எந்த வேலைக்கான ஆட்சேர்ப்பிலும் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. தனியாருக்கும் அது பொருந்தும். அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும், தேவையான தகைமை உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு வெற்றிடங்களில் 3 வீதம் ஒதுக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் 27/88 இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை சொல்கிறது. நடைமுறையில் இது தானாக நடப்பதில்லை. விண்ணப்பத்திலேயே அந்தச் சுற்றறிக்கை இலக்கத்தைக் குறிப்பிட்டு, அதன்கீழ் கவனத்தில் எடுக்குமாறு எழுதி, மருத்துவச் சான்றிதழை இணையுங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் உங்கள் பெயர் பதிவாகியிருப்பதும் அவசியம். உபகரணங்கள், சுயதொழில் உதவி எல்லாம் அந்த வழியாகத்தான் வரும்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் முதல்நாளே தொலைபேசியில் கேளுங்கள்: அறை எந்த மாடி, படி எத்தனை, மலசலகூடக் கதவு எவ்வளவு அகலம். இதைக் கேட்டால் வேலை கிடைக்காது என்று பயப்படாதீர்கள். வாசலில் வந்து நின்று தூக்கச் சொல்வதைவிட இது இரு தரப்புக்கும் மரியாதை.

நாங்கள் முதலாளி தரப்பு. ஒருவரைச் சேர்க்க விருப்பம், ஆனால் கட்டடத்தை இடித்துக் கட்ட வசதியில்லை.

இடிக்கத் தேவையில்லை. சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதம் வையுங்கள். வாசல் ஒரு அடி உயரம் என்றால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம். இங்கே பல கடைகளில் மோட்டார் சைக்கிள் ஏற்றப் போட்ட மூன்றடிச் சரிவையே சாய்தளம் என்று காட்டுகிறார்கள். அதில் தனியாக ஏறினால் நாற்காலி பின்னால் கவிழும். கதவுக்கு மூன்றடி அகலம், மேசையின் கீழே முழங்கால் போக ஏறத்தாழ 28 அங்குல உயரம் இருந்தால் போதும். பெரும்பாலான மேசைகளுக்கு நான்கு காலிலும் ஒரு மரக்குற்றி வைத்தாலே சரிவரும்.

காது கேளாதவரைச் சேர்த்தால் சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுங்கள், வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், முதல் வாரம் அருகில் ஒருவரை நியமியுங்கள். இயந்திரத்துக்கு மணியோடு ஒரு மின்குமிழும் பொருத்துங்கள். சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பதற்கு இயலாமை ஒரு காரணமாகாது.

வேலையில் சேர்ந்துவிட்டேன், கையில் கடிதம் ஒன்றும் தரவில்லை. பரவாயில்லையா?

விட்டுவிடாதீர்கள். பதவி, சம்பளம், வேலை நேரம், தொடங்கிய திகதி இருக்கும் நியமனக் கடிதத்தைக் கேளுங்கள். தர இழுத்தடித்தால் நீங்களே ஆதாரம் சேர்க்க வேண்டும். எத்தனை மணிக்குப் போனீர்கள், வந்தீர்கள், எவ்வளவு காசு எந்தத் திகதியில் கிடைத்தது என்று ஒரு கொப்பியில் நாளாந்தம் எழுதுங்கள். முடிந்தால் சம்பளத்தை வங்கியில் போடச் சொல்லுங்கள். வங்கிப் புத்தகம் பிறகு உங்களுக்காகப் பேசும்.

தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. ஈ.பி.எப்.புக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். ஈ.டி.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் முழுவதும் முதலாளியுடையது. 30,000 ரூபா சம்பளத்துக்கு உங்களிடமிருந்து 2,400 கழியும், முதலாளி 3,600 போடுவார், மொத்தம் 6,000 உங்கள் பெயரில் சேரும். அதற்கு மேல் ஈ.டி.எப். 900. "ஈ.பி.எப். வேண்டாம் என்று எழுதித் தந்தால் 2,400ஐயும் கையில் தருகிறேன்" என்று சொன்னால் கணக்குப் பாருங்கள். மாதம் 4,500 ரூபாவை நீங்கள் இழக்கிறீர்கள். அப்படி எழுதிக் கொடுத்த கடிதம் சட்டத்தில் செல்லாது. தற்காலிக ஊழியர், பயிற்சிக் காலம் என்ற பெயரில் ஈ.பி.எப். தராமல் விடுவதும் செல்லாது. முதல் நாளிலிருந்தே உரித்து உண்டு.

சம்பளத்தில் 8 வீதம் கழித்துவிட்டு நிதியத்தில் போடாமல் இருப்பதுதான் மிக மோசமான களவு, அது நடக்கவும் செய்கிறது. உங்கள் அங்கத்துவ இலக்கத்தை முதல் மாதமே வாங்கி மீதியைப் பாருங்கள். பணம் இல்லையென்றால் உங்கள் பகுதிக்குரிய தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. பிந்திக் கட்டும் முதலாளிக்கு 5 முதல் 50 வீதம் வரை மேலதிகத் தொகை விதிக்கப்படும். பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வேலைக்குப் போனால் அஸ்வெசும நின்றுவிடுமா?

அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு ஒரு ஆளின் சம்பளத்தை மட்டும் பார்த்துத் தருவதில்லை. குடும்பத்தின் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று 22 குறிகாட்டிகளை வைத்துத் தீர்மானிக்கப்படுவது. மறுமதிப்பீட்டில் நிலைமை மாறியிருந்தால் வகுதியும் மாறலாம், உண்மைதான். ஆனாலும் ஈ.பி.எப். உள்ள வேலையை அதற்காக விடுவது நட்டம். வேலையை மறைக்கவும் வேண்டாம். தீர்மானம் பிழை என்று பட்டால் மேன்முறையீடு செய்ய வழி உண்டு.

பாசிக்குடா, அறுகம்குடா ஹோட்டல் வேலைகள் எப்படி?

பருவ வேலை. அறுகம்குடாவில் அலைச்சறுக்குக் காலம் ஏறத்தாழ மே முதல் ஒக்டோபர் வரை. வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் இரண்டு கடற்கரையும் அடங்கும். பருவம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே கேட்டுப் போங்கள். சேவைக் கட்டணத்தில் பங்கு உண்டா, பருவம் முடிந்ததும் நிலை என்ன என்று முதலிலேயே பேசுங்கள். வேலை இல்லாத மாரிகாலம் என்.வி.கியூ. மதிப்பீட்டுக்கு நல்ல நேரம்.

மகனுக்குப் பதினைந்து வயது. படிக்கப் பிடிக்கவில்லை, ஒரு கராஜில் விடலாமா?

16 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைக்க முடியாது. 2021இல் சட்டம் மாறியது. 16க்கும் 18க்கும் இடையில் ஆபத்தான வேலைகளில் விட முடியாது. 16 ஆனதும் நைட்டா வழியாகப் பயிலுனராகச் சேர்த்தால் அதே கராஜில்கூட ஒப்பந்தத்தோடு வேலை பழகலாம், முடிவில் சான்றிதழும் கிடைக்கும்.

வேலைத்தலத்தில் மேற்பார்வையாளர் தொந்தரவு தருகிறார். சொன்னால் வேலை போய்விடும்.

பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்கீழ் குற்றம், வேலைத்தலத்துக்கும் பொருந்தும். வந்த குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம். நடந்த திகதி, நேரம், பக்கத்தில் இருந்தவர் பெயர் என்று குறித்து வையுங்கள். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பிரிவில் தமிழில் முறைப்பாடு எழுதுமாறு கேளுங்கள், எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வையுங்கள். பயத்தில் சொல்லாமல் வேலையை விட்டு விலகுபவர்களே அதிகம். அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் வழி இருப்பது தெரிந்திருக்கட்டும்.

அரச வேலைக்கு விண்ணப்பித்தேன், பதிலே இல்லை. ஏன்?

வெள்ளிக்கிழமை வரும் வர்த்தமானியில் வெற்றிடங்கள் வெளியாகும். கிழக்கு மாகாணசபை வெற்றிடங்களுக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் இணையத்தளத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் சின்ன விடயங்களால்: உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியின் பெயர் எழுதாதது, கையொப்பத்தை அறிவித்தலில் சொல்லப்படாத ஒருவர் உறுதிப்படுத்தியது, பரீட்சைக் கட்டணப் பற்றுச்சீட்டை ஒட்டாதது, முடிவுத் திகதிக்குத் தபாலில் போட்டது. முடிவுத் திகதி என்பது அவர்கள் கையில் கிடைக்க வேண்டிய திகதி. பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

"இத்தனை லட்சம் தந்தால் நியமனம் எடுத்துத் தருகிறேன்" என்று வருபவரிடம் காசு கொடுத்தால் பணமும் போகும், கொடுத்தவரும் குற்றவாளியாகலாம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

வெளிநாட்டு முகவர் சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றலாம் என்கிறார்.

போகாதீர்கள். மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் சிக்கியவர்களிலும், ரஷ்யாவில் வேறு வேலை என்று போய்ப் போர்முனையில் நின்றவர்களிலும் இலங்கையர் இருந்தார்கள். முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த நாட்டில் அந்த வேலைக்குப் ஆள் கேட்டு வந்து, பணியகம் அங்கீகரித்த கோரிக்கை உண்டா என்று 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் காலாவதியாகியிருக்கலாம், ஆகையால் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்து நம்ப வேண்டாம். ஊரில் இருக்கும் உபமுகவரிடம் பற்றுச்சீட்டில்லாமல் பணமோ கடவுச்சீட்டோ கொடுக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் உங்களுக்குப் புரியும் மொழியில் சம்பளம் எழுதியிருக்க வேண்டும். புறப்பட முன் பணியகத்தில் பதிந்தால்தான் காப்புறுதியும், பிரச்சினை வந்தால் தூதரகம் தேடிவர ஒரு பதிவும் இருக்கும். பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பத்திரங்கள் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, அவர் சரி என்ற பிறகு முற்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.